கால் பிரிந்த முள்ளங்கி

நம் வயதுக்காரர்களுக்கு மாடிப்படியைப் பற்றி நான் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டாம். கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போதே முட்டி வலிக்க ஆரம்பித்துவிடுகிறது. இருந்தும் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை நான் மொட்டை மாடிக்கு ஏற வேண்டியிருக்கிறது. பழைய பெயின்ட் வாளிகளில் முள்ளங்கி போட்டிருக்கிறோம், அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். யார் கேட்டார்கள் என்றால் யாரும் கேட்கவில்லை. ஓசூர் உழவர் சந்தையில் முள்ளங்கி குவிந்து கிடக்கிறது. பெங்களூருக்கு வேலைக்குப் போகும் மகனுக்கும் மருமகளுக்கும் அது வேகும் வாசனையே ஆகாது, ஜன்னலைத் திறந்து வைக்கிறார்கள். ஆனாலும் போட்டிருக்கிறோம். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் என் சின்ன வயதின் ஒரு குளிர்காலத்தைச் சொல்ல வேண்டும். நீங்களும் ஓர் ஊரில் பிறந்து இன்னோர் ஊரில் நரைத்தவர்கள்தானே, கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

நாங்கள் மன்னார்குடிப் பக்கத்துக்காரர்கள். ஓசூரில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலத்தில், வாய்க்காலில் தண்ணீர் வருமா வராதா என்று வானத்தைப் பார்த்து அலுத்துப்போன அப்பா, தெரிந்தவர் ஒருவர் சொன்னதை நம்பி எங்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். இரும்புச் சாமான்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தற்காலிகமாக வேலை கிடைத்தது. பாகலூர் ரோட்டுப் பக்கம் ஒரு லைன் வீட்டில் குடியேறினோம். நான் அப்போது ஒன்பது வயதுப் பெண்பிள்ளை. ஓசூர்க் குளிரை நான் அதற்கு முன்னால் கண்டதில்லை. காலையில் வாயைத் திறந்தால் புகை வரும். அம்மா அப்பாவின் பழைய சட்டையைப் புடவைக்கு மேலே மாட்டிக்கொண்டு அடுப்பூதுவாள். ஊருக்குப் போனால் இதை யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் சொல்லி வைத்திருந்தாள்.

கம்பெனி கேட்டில் இரண்டு வகை ஆட்கள் உள்ளே போவார்கள். பர்மனென்ட் ஆனவர்களுக்கு நீல யூனிஃபார்ம், சட்டைப் பையின் மேல் நூலால் தைத்த பெயர். தற்காலிக ஆட்கள் சொந்தச் சட்டையில் போக வேண்டும், ஒரு தகர டோக்கனை வாங்கிக்கொண்டு உள்ளே போய், திரும்பும்போது கொடுத்துவிட்டு வர வேண்டும். அப்பாவின் ஒரே ஆசை அந்த நீலச் சட்டை. அது வருவதற்கு முன்பே அதை மாட்டுவதற்குச் சுவரில் ஆணி அடித்து, மரத்தில் செய்த ஹேங்கர் ஒன்றையும் வாங்கி மாட்டிவிட்டார். அந்த வெறும் ஹேங்கர் சுவரில் ஆடிக்கொண்டே இருக்கும். அம்மா அதில் எதையும் மாட்டக் கூடாது, துண்டுகூட.

பர்மனென்ட் ஆவது அப்பாவின் சூப்பர்வைசர் கையில்தான் இருக்கிறது என்று எல்லோரும் நம்பினார்கள். அவர் அத்திப்பள்ளிப் பக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து போகும் கன்னடக்காரர். ஒருநாள் கேன்டீனில் அவர் சாம்பாரைக் கரண்டியால் கலக்கிப் பார்த்துவிட்டு, கடை முள்ளங்கியில் ருசியே இல்லை, வீட்டுக் கொல்லையில் பிடுங்கிய உடனே வேக வைத்தால்தான் முள்ளங்கி என்றாராம். அப்பா சும்மா இருந்திருக்கலாம். அவருக்கு எதிரில் உட்கார்ந்திருந்த அப்பா, "நம்ம வீட்லயே போட்டிருக்கோம் சார், மொத முள்ளங்கி உங்க கையாலதான் புடுங்கணும்" என்று சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் அன்றைக்கு ஒரு கறிவேப்பிலைச் செடிகூடக் கிடையாது. அன்று சாயங்காலமே பஸ் ஸ்டாண்டு பக்கத்து விதைக் கடையில் முள்ளங்கி விதை வாங்கிக்கொண்டு வந்து அம்மாவிடம் கொடுத்தார்.

அம்மாவுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அவள் ஊரில் நடவுக்குப் போனவள். வரிசையில் பத்துப் பேர் இறங்கினால் முதலில் கரையேறுவது அவள்தான் என்று என் அத்தைகளே ஒப்புக்கொள்வார்கள், அத்தைகள் அவ்வளவு சுலபத்தில் எதையும் ஒப்புக்கொள்கிறவர்கள் இல்லை. ஓசூருக்கு வந்த பிறகு அவள் கைக்கு வேலை இல்லாமல் போயிருந்தது. துவைக்கிற கல்லுக்குப் பின்னால், குளிக்கிற தண்ணீர் ஓடும் இடத்தில் ஒரு துண்டு செம்மண் இருந்தது. வீட்டுக்காரம்மா மகளின் பிரசவத்துக்காக ஆனேக்கல் போயிருந்தாள். அவள் புருஷனிடம் அம்மா கேட்டதற்கு, போட்டுக்கொள்ளுங்கள் என்று கையை மட்டும் அசைத்தார்.

அம்மா ஒரு மூலையில் மண்ணைப் பொடித்து நாற்றங்கால் போட்டாள். முள்ளங்கிக்கு நாற்றங்கால் என்றால் இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளையும் சிரிக்கும். ஆனால் எங்கள் ஊரில் முள்ளங்கியைச் சந்தையில் வாங்கித்தான் பழக்கம், விளைவித்தவர் யாரும் கிடையாது. நெல்லானாலும் கத்தரியானாலும் மிளகாயானாலும் நாற்றுவிட்டுப் பிடுங்கி நட்டால்தான் பயிர், முளைத்த இடத்திலேயே நிற்பது களை என்பது அம்மாவின் படிப்பு. நாற்று விரல் உயரம் வந்ததும் ஒரு மாலையில் பிடுங்கி, வேரைச் சாணித் தண்ணீரில் நனைத்து, வரிசை பிடித்து நட்டாள். கயிறு கட்டவில்லை, கண்ணாலேயே பிடித்த வரிசை. நடவில் நடப்பதுபோலக் குனிந்தபடி பின்னால் நகர்ந்து நகர்ந்து வந்து, துவைக்கிற கல்லில் இடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. ஓசூரில் அவள் அப்படிச் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

செடிகள் ஒருநாள் வாடிக் கிடந்தன, பிறகு எழுந்தன. பனியும் செம்மண்ணும் சேர்ந்து இலையைத் தள்ளின. சுணையுள்ள அகல இலைகள், அவற்றுக்கிடையே கையை விட்டால் முழங்கை வரை அரிக்கும். தண்ணீர் பிடிக்க வரும் பெண்களெல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றாமல் நேரே கொல்லைக்குப் போய் நிற்பார். கையில் கிரீஸ் வாசனையோடு இலைகளைத் தடவிக் கொடுப்பார்.

இந்த நேரத்தில் வீட்டுக்காரம்மா பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். அவள் வீட்டுக்குள் தெலுங்கு பேசுவாள், காய்காரனிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். மூன்றிலும் சத்தம் ஒன்றுதான். கொல்லையை எட்டிப் பார்த்தவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"ஏம்மா, இதைப் புடுங்கி நட்டியா? முள்ளங்கியை நடக் கூடாதும்மா. வெதை போட்ட எடத்துலயே உடணும். நட்டா காலு பிரியும்."

எங்கள் ஊரில் எல்லாவற்றையும் நடத்தான் செய்வோம் என்றாள் அம்மா.

"உங்க ஊர்ல நெல்லு. நெல்லுக்கு கெழங்கு எறங்குதா?"

அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. அப்பா வந்ததும் சொன்னாள். அவர் சிரித்தார். இலையைப் பார்த்துப் பொம்பளைக்கு வயிறு எரிகிறது, அவ்வளவுதான் என்றார். அடுத்த நாள் பழைய செருப்பு ஒன்றைக் கயிற்றில் கட்டி, வீட்டுக்காரம்மாவின் சமையலறை ஜன்னலுக்கு நேராகத் தொங்கவிட்டார். அவளுக்குப் புரியாமலா இருக்கும்? ஆனாலும் அவள் அந்தச் செருப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. மாட்டுச் சாணியும் வழக்கம்போலக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள். பொறாமைக்காரி என்று நாங்கள் முடிவுகட்டி வைத்திருந்த மனுஷி, நல்லதைச் சொன்ன ஒரே ஆள்.

ஒன்றைப் பிடுங்கிப் பார்த்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். அம்மா கெஞ்சினாள். அப்பா சம்மதிக்கவில்லை. முதல் விளைச்சலைச் சாமிக்கு என்று நேர்ந்துவிட்டால் வீட்டில் யாரும் தொட மாட்டோம் இல்லையா, அப்படி இதை அவர் சூப்பர்வைசருக்கு நேர்ந்து வைத்திருந்தார். ஒரு மத்தியானம் அம்மா ஒரு செடியின் கழுத்தைச் சுற்றி மண்ணை விரலால் விலக்கினாள். நான் பக்கத்தில் குந்தியிருந்தேன். வெள்ளையாக, உருண்டையாகத் தோள் தெரிந்தது. "மேல நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி மண்ணை மூடினாள். அன்று ராத்திரி அவள் இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டாள்.

சூப்பர்வைசர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். பொங்கலுக்கு இன்னும் இரண்டு மூன்று வாரம் இருந்தது. அப்பா எங்கிருந்தோ ஒரு நாற்காலி வாங்கி வந்து கொல்லையிலேயே போட்டிருந்தார். வந்தவர் உட்காரவில்லை, பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு இலைகளைப் பார்த்து வாய்விட்டுப் பாராட்டினார். அப்பா அம்மாவைப் பார்த்த பார்வை எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. கல்யாணமாகி வந்த புதிதில் அவர் அப்படிப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. "புடுங்குங்க சார்" என்றார்.

சூப்பர்வைசர் இலைக் கொத்தைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. முள்ளங்கி நழுவிக்கொண்டு வர வேண்டும், இது மண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்ததில் பட்டென்று வந்தது. தோளுக்குக் கீழே இரண்டு கால். ஒன்றின் மேல் ஒன்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த கால். அப்பா அவசரமாக அடுத்ததைக் காட்டினார். அதற்கு மூன்று. அதற்கடுத்தது தாயத்துக் கயிறுபோல முறுக்கிக்கொண்டிருந்தது. அந்த ஒரு வரிசை முழுவதும் அப்படித்தான். ஒன்றுகூட நேராக இறங்கவில்லை.

சூப்பர்வைசர் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "என்னப்பா இது, முள்ளங்கியா ஆளா? ஒரு பேன்ட் தெச்சுப் போட்டா ஷிஃப்டுக்கே அனுப்பலாம்" என்றார். வீட்டுக்காரம்மா ஜன்னலில் நின்றிருந்தாள், சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டாள். அப்பாவும் சிரித்தார். ஆனால் அவர் கழுத்து நரம்பு மட்டும் விடைத்துக்கொண்டு நின்றதைப் பக்கத்திலிருந்த நான் பார்த்தேன்.

அம்மா முள்ளங்கிகளை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். அரிவாள்மனையில் அவற்றை வட்டம் வட்டமாக அரிந்தாள். "வெட்டிப் போட்டுட்டா சாம்பார்ல காலு தெரியாது" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். தெரியவும் இல்லை. சூப்பர்வைசர் இரண்டு தடவை சாம்பார் வாங்கிச் சாப்பிட்டார், இலைப் பொரியலைக் கேட்டு வாங்கினார், கால் பிரிந்ததில் நாலைந்தைப் பையில் போட்டுக்கொண்டு, வீட்டில் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று சந்தோஷமாக ஸ்கூட்டரில் கிளம்பிப் போனார்.

பொங்கலுக்குச் சில நாட்கள் முன்னால், பள்ளிக்கூடம் விட்டு நான் வரும்போது அப்பா வீட்டில் இருந்தார். அது அவர் வீட்டில் இருக்கிற நேரம் இல்லை. டிபன் கேரியர் மூடி திறக்காமல் பக்கத்தில் இருந்தது. இனிமேல் வர வேண்டாம் என்று கேட்டிலேயே டோக்கன் தராமல் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் அவள் கையைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார்.

"நட்டியே, நல்லா நட்ட" என்றார்.

கொல்லையில் மிச்சமிருந்த செடிகளை அன்றைக்கே பிடுங்கி வீட்டுக்காரம்மாவின் மாட்டுக்குப் போட்டார். ஹேங்கரை ஆணியிலிருந்து எடுத்து என்ன செய்தார் என்று தெரியாது. நான் பிறகு அதைப் பார்க்கவே இல்லை.

அதற்குப் பின் அவர் சும்மா இருந்துவிடவில்லை. ஜூஜுவாடி எடைமேடையில் லாரிகளுக்குச் சீட்டுக் கிழித்தார், கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலையில் காவலுக்கு நின்றார், எங்களைப் பட்டினி போடவில்லை, என்னைப் படிக்க வைத்தார். குடிக்கவில்லை, கை நீட்டவில்லை. ஆனால் அந்த முள்ளங்கியை மட்டும் விடவில்லை. மழைக்கு வீடு ஒழுகினால் முள்ளங்கி. நான் கணக்கில் தேறாமல் வந்தால் முள்ளங்கி நட்ட கை ஊட்டின சோறு. உறவுக்காரர்கள் வந்தால் காபி குடித்து முடிப்பதற்குள் அந்தக் கதையைச் சொல்லிவிடுவார், சூப்பர்வைசர் சிரித்ததுபோலவே சிரித்தும் காட்டுவார். இவள் மட்டும் விதையைப் போட்ட இடத்தில் விட்டிருந்தால் நான் இன்றைக்கு நீலச் சட்டை என்று முடிப்பார். அம்மா தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

அம்மா பிறகு எதையும் நடவில்லை. ஒரு துளசிகூட வைக்கவில்லை. என் கல்யாணத்தில் மண்சட்டிகளில் பாலிகை தெளிக்கச் சுமங்கலிகளைக் கூப்பிட்டார்கள். ஊறவைத்த நவதானியத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அம்மாவும் வந்தாள். பெற்றவள் இல்லாமல் யார்? அப்பா தமாஷாகத்தான் சொன்னார், "அவளை விடாதீங்க, முளைக்கிறதுக்கெல்லாம் காலு பிரியும்" என்று. பந்தலே சிரித்தது. அம்மா தானியத்தைப் பக்கத்தில் இருந்தவள் கையில் கொட்டிவிட்டு, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். மணையில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த நிமிஷம் கல்யாணமே வேண்டாம் என்றிருந்தது.

அப்பா போய் நாலைந்து வருஷமாகிறது. காரியத்துக்கு வந்தவர்களில் ஒருவர், கைத்தடி ஊன்றி வந்த மெலிந்த மனிதர், அந்த இரும்புக் கம்பெனியில் அப்பாவோடு இருந்தவராம். எனக்கு அவரைத் தெரியாது. அப்பாவின் படத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"நாங்க எல்லாரும் ஒண்ணாச் சேர்ந்த ஆளுங்கம்மா. பர்மனென்ட் பண்ண வேண்டிய நேரம் வந்ததும் மொத்தப் பேரையும் ஒரே நாள்ல நிறுத்திட்டு வேற ஆளுங்களை எடுத்துக்கிட்டாங்க. அந்த சூப்பர்வைசர்கூட எங்களுக்காகப் பேசப் போயி ஏச்சு வாங்கினாரு. நானும் உங்கப்பாவும் ஒண்ணாத்தான் கேட்ல இருந்து திரும்பினோம். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசல அவரு."

நானும் பிற்பாடு கம்பெனிகளில் வேலை பார்த்தவள்தான். சுவிட்சுக்குத் திருகு முடுக்கி முடுக்கி மணிக்கட்டு போனவள். எடுப்பதும் நிறுத்துவதும் திரும்ப எடுப்பதும் எனக்குத் தெரியாததா? இருந்தும் அப்பாவின் கதையில் அதைப் பொருத்திப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை. முள்ளங்கி அவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது. அப்பாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே ஆயுசு முழுவதும் அவளைச் சொல்லியிருக்கிறார். படத்துக்குப் போட்ட மாலையைக் கழற்றி எறியலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

வந்தவர்கள் போன பிறகு அம்மாவிடம் சொன்னேன். அவள் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

"தெரியும்டி. அன்னக்கி சாயங்காலமே கொழாயடியில ஒவ்வொருத்தியும் சொன்னாளே, எங்க வீட்லயும் நிறுத்திட்டாங்கன்னு."

"அப்பறம் ஏம்மா வாயைத் தெறக்கல? இத்தனை வருஷம்?"

அவள் ஒரு வெற்றிலையைத் தொடையில் தேய்த்துத் துடைத்தாள். எனக்கு எப்படிப் புரிய வைப்பது என்று யோசித்ததுபோல இருந்தது.

"மனுஷனுக்கு யாரு மேலயாவது கோவப்படணும். கம்பெனி மேல கோவப்பட்டா அடுத்த கம்பெனில உள்ள விட மாட்டான். என் மேல கோவப்பட்டா ராத்திரிக்குச் சோறாவது கெடைக்கும்."

அன்று எனக்கு அழுகை வந்தது. அம்மா அழவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

அவள் இப்போது என்னோடுதான் இருக்கிறாள். எழுபதைத் தாண்டியவள், மாடிப்படியில் எனக்கு முன்னால் ஏறிவிடுகிறாள். இந்தக் கார்த்திகையில் நான்தான் முள்ளங்கி விதை வாங்கிவந்து கொடுத்தேன். விதையை உள்ளங்கையில் கொட்டி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு பழைய தட்டில் மண்ணை நிரப்பித் தூவினாள். வாளியிலேயே நேரே ஊன்றச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

நாற்று விரல் உயரம் வந்த ஒரு சாயங்காலம், காயப்போட்ட துணியை எடுக்க நான் மூச்சு வாங்க ஏறிப் போனேன். அம்மா பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து நாற்றைப் பிடுங்கி வாளிகளில் நட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வாளி முடிந்ததும் ஸ்டூலோடு பின்னால் நகர்ந்து அடுத்த வாளிக்கு வந்தாள். கட்டைவிரல் அழுத்தும் இடம், நாற்று நிற்கும் சாய்வு, எல்லாம் அந்தக் குளிர்காலத்தில் பார்த்ததேதான்.

"அம்மா, முள்ளங்கியை நடக் கூடாதும்மா. காலு பிரியும்" என்றேன்.

"தெரியும்டி" என்றாள், நிமிராமலே. "பிரியட்டும். யாரு வரப்போறா பாக்க? எனக்கு நடணும் போல இருக்கு."

நான் துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டு, அடுத்த வாளியை அவள் கைக்கு எட்டும் தூரத்துக்கு இழுத்து வைத்தேன்.